மலிவு விஸ்கியும் தோட்டத்துக் கள்ளும்

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்த ஒருவன் எழுந்து, “சார், விஸ்கி கள்ளா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, மயக்கம் தருவன யாவும் கள்ளே என்று கூறி அப்பால் நகர்ந்தேன். உரைநூல்களை ஒட்டிய விடைதான் அது, பிழையில்லை. ஆயினும் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அச்சிறுவன் கேட்டது சொற்பொருள் பற்றிய ஐயம் அன்று. அவன் பிறந்து வளர்ந்த மலாக்காத் தோட்டத்தில் கள் என்றால் இழிவு, விஸ்கி என்றால் மதிப்பு. முன்னது கூலிக்காரன் குடிப்பது. பின்னது துரை குடித்தது. இரண்டையும் வள்ளுவர் ஒரே சொல்லில் அடக்கிவிட்டாரா என்பதே அவன் திகைப்பு.

இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது? நாவினால் சுவைத்துப் பார்த்து வந்த முடிவா, வேறு ஏதேனும் ஒன்றால் வந்ததா? இதனை ஆராயப் புகுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் குடிப்பவன் அல்லேன். ஆகவே நாவைக் கொண்டு தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆனால் விலை மலிந்த ஒரு மதுவை நடுவுநிலையோடு சுவைத்து மதிப்பிடுவது என்பது, குடிப்பவர்க்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. நம்மைப் பற்றி இந்நாட்டில் எழுதப்பட்ட சரித்திரத்தில் அது ஒரு முக்கியமான சிக்கலாக இருந்திருக்கிறது.

பழந்தமிழர் நா

மதுவை ஒரே சொல்லால் சுட்டிவிட்டு நின்றவர் அல்லர் நம் முன்னோர். கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி, அரியல் எனப் பெயர்கள் பல. தெளித்து எடுத்தது தேறல். நெல்லைக் கொண்டு இல்லத்திலேயே ஆக்கியது தோப்பி. மூங்கிற் குழாயில் அடைத்து முதிரவைத்த தேறலைப் பத்துப்பாட்டு பேசுகிறது. ஓக் மரப் பீப்பாயில் பல ஆண்டு கிடந்து முதிர்வதே விஸ்கியின் பெருமை என்று இன்று கூறுவர். நம்மவர் மூங்கிலைப் பீப்பாயாகக் கொண்டனர் போலும். தொல்காப்பியர் வகுப்புப்படி மூங்கிலும் தென்னையும் மரம் அல்ல, புல் என்பதை ஆசிரிய நண்பர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிந்தவர்களிடத்தும் கடல் கடந்து வந்த சரக்கிற்குத் தனி மதிப்பு இருந்தது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகியதை நக்கீரர் புறநானூற்றில் பாடுகிறார். 1945 ஆம் ஆண்டு அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்திய வீலர், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து மது வந்த இருகாதுச் சாடிகளின் உடைசல்களைக் கண்டெடுத்தார். புலவர் சொன்னது வெறும் புனைந்துரை அன்று என்பதற்கு அது சான்று. அரசன் யவன மதுவைப் பருகினான். குடிமகன் தன் ஊர்க் கள்ளைப் பருகினான். எது சுவையில் மேல் என்று யாரும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதியமான் தந்த சிறிய கள்ளையும் பெரிய கள்ளையும் நினைந்து ஔவையார் அழும்போது, அங்கே கள்ளுக்கு இழிவு சிறிதும் இல்லை. இழிவு வள்ளுவர் காலத்து அறநூல்களோடு வந்தது என்பர். அவ்வற நூலும் கள் யாருடையது என்று பார்த்து இழித்துரைக்கவில்லை. அறிவை அழிக்கிறது என்பதே அதன் வழக்கு. குடிப்பவன் தகுதியை வைத்துக் குடியின் தகுதியை அளக்கும் முறை பின்னால் வந்தது. மலாயாத் தோட்டங்களில் அது சட்டம்போல் நிலைத்தது.

துரையின் கோப்பை

மலாக்காவில் ரப்பர் தொடங்கிய கதை யாவரும் அறிந்தது. 1896 இல் தான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் ஆசாகானில் மூவாயிரம் ஏக்கர் அளவில் பெருந்தோட்டம் எழுந்தது. ரப்பர் விலை ஏறிய நாளில், 1906 ஆம் ஆண்டளவில், அது ஆங்கிலேயக் குழுமம் ஒன்றின் கைக்கு மாறியது. அதன்பின் மலாக்காக் காடுகள் ஒவ்வொன்றாகத் தோட்டங்களாயின. குன்றின்மேல் துரை பங்களா, தாழ்வில் தமிழர் லயம், இடையே கிராணி வீடு என்னும் அமைப்பு எல்லாத் தோட்டத்திலும் ஒன்றுபோல் அமைந்தது.

பங்களாவில் அந்தி வேளையில் ஊற்றப்பட்டது ‘ஸ்டெங்கா’. பாதி என்று பொருள்படும் ‘செத்தெங்ஙா’ என்ற மலாய்ச் சொல்லின் திரிபு அது. விஸ்கி பாதி, சோடா பாதி. அந்த விஸ்கி என்ன? ஸ்காட்லாந்தின் பழம்பெரும் குலத்துச் சரக்கு என்று லயத்தில் இருந்தவர் எண்ணினர். துரையும் அப்படியே எண்ணியிருப்பார். ஆனால் உண்மை வேறு. துரைமார் குடித்தவற்றுள் மிகப் பெரும்பான்மை கலப்பு விஸ்கி. மால்ட் எனப்படும் முளைகட்டிய வாற்கோதுமையைச் செப்புக் கொப்பரையில் வடித்த பழைய விஸ்கி சிறிதும், சோளம் முதலிய மலிந்த தானியங்களைப் புதுவகை வடிகலத்தில் இடைவிடாது வடித்த மென்சாராயம் மிகுதியும் சேர்த்துக் கலந்தது அது. அப்புது வடிகலத்துக்கு 1830 இல் உரிமம் பெற்றவர் ஈனியாஸ் காஃபி. ஐயர்லாந்தில் சுங்கத் தீர்வை அதிகாரியாக இருந்தவர். சாராயத்துக்கு வரி வாங்கியவரே சாராயத்தை மலிவாக்கும் வழியையும் கண்டார் என்பது வேடிக்கை.

இந்த மலிவுச் சரக்கை விஸ்கி என்று அழைக்கலாமா என்ற வழக்கு இலண்டனிலேயே நீதிமன்றம் ஏறியது. வட இலண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி, விஸ்கி கேட்டவர்க்கு விஸ்கி அல்லாததைக் கொடுத்தனர் என்று மதுக்கடைக்காரர் சிலர்மீது 1905 இல் குற்றம் சாட்டியது. கீழ் நீதிபதி 1906 இல் கடைக்காரர்க்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் இரு பக்கமாகப் பிரிந்து முடிவின்றி நின்றனர். ஈற்றில் 1908 இல் அரசாணைக் குழு ஒன்று அமைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளை அது விசாரித்தது. மருத்துவர் வந்தனர், இரசாயனர் வந்தனர், வடிப்போர் வந்தனர். பழைய கொப்பரையில் வடித்தது மட்டுமே உடலுக்கு நல்லது என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 1909 இல் குழு கருதியது. தானியத்தை மால்ட்டின் நொதியால் சர்க்கரையாக்கிப் புளிக்கவைத்து வடித்தது எதுவாயினும் அது விஸ்கியே என்று முடிவு செய்தது. அன்றுதான் மலிவு விஸ்கி சட்டத்தின் முன் மானம் பெற்றது. அது முதிர வேண்டும் என்ற கட்டாயம் முதல் உலகப் போர்க் காலத்தில் வந்தது. 1915 ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஆண்டு என்றது; அடுத்த ஆண்டே அது மூன்றாயிற்று.

இதில் நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது ஒன்று. புக்கிட் ஆசாகான் கைமாறிய அதே ஆண்டுகளில், துரை குடித்த விஸ்கி தன் சொந்த ஊரிலேயே போலி என்று கூண்டில் நின்றது! ஆனால் அதற்கு நூறு சாட்சி கேட்டு, நுணுகி ஆராய்ந்து, முன்முடிவின்றித் தீர்ப்புச் சொல்ல ஒரு குழு கிடைத்தது. லயத்தில் குடித்த பானத்துக்கு அத்தகைய விசாரணை கிடைத்ததா என்று இனிப் பார்க்கலாம்.

ஒரே பாளை, இரண்டு பெயர்

கள் இறக்குவது எளிய தொழில் அன்று. தென்னையின் விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் சிறு கட்டையால் மெல்லத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். பலமாகத் தட்டினால் பாளை கெடும், தட்டாவிட்டால் சுரக்காது. சில நாட்களில் நுனியைச் சீவினால் சாறு சொட்டத் தொடங்கும். பிறகு காலையும் மாலையும் மரம் ஏறி, ஒவ்வொரு முறையும் காகிதக் கனத்துக்குப் புதிதாகச் சீவி, முட்டியை மாற்ற வேண்டும். சொட்டும் சாறு தேன்போல் இனிப்பானது. நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினேழு பங்குவரை சர்க்கரை அதில் உண்டு. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைப் புளிக்கவைத்துவிடும். அதுவே கள். அதன் சாராயச் சத்து நூற்றுக்கு நான்கு முதல் ஆறு. ஒரு நாள் கடந்தால் காடி. எனவே கள்ளைப் புட்டியில் அடைத்துக் கப்பலேற்ற முடியாது. பெயர் ஒட்ட முடியாது. விளம்பரம் செய்யவும் முடியாது. பிறந்த இடத்திலேயே, பிறந்த அன்றே குடித்துத் தீர்க்க வேண்டியது.

இதே சாற்றைப் புளிக்குமுன் இரும்புச் சட்டியில் காய்ச்சி, மூங்கில் அச்சில் ஊற்றி ஆறவைத்தால் கிடைப்பது ‘குலா மலாக்கா’. மலாக்கா என்ற பெயரை உலகச் சமையலறைகளுக்குக் கொண்டு சென்ற வெல்லம் அது. சுற்றுலா வருவோர் பொதி பொதியாக வாங்கிச் செல்கின்றனர். ஒரே பாளை, ஒரே சாறு. அடுப்பில் ஏறினால் ஊருக்குப் புகழ். முட்டியில் தங்கினால் குடித்தவனுக்கு வசை.

மலாக்காவில் மதுவிற்பனை தொடக்கமுதலே அரசின் பணப்பெட்டியோடு பிணைந்தது. 1824 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்த மலாக்கா, 1826 இல் நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாயிற்று. அபினி, சாராயம், கள், பங்கி முதலியவற்றை விற்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1909 ஆம் ஆண்டின் இறுதியோடு, அபினிக் குத்தகையும் சாராயக் குத்தகையும் ஒழிந்தன. பின்னர் அரசே நேரே தீர்வை வாங்கியது. பட்டணங்களில் கள்ளுக்கடை, தோட்டங்களில் உரிமம் பெற்ற தோட்டக் கள்ளுக்கடை. விடியுமுன் பெரட்டுக்கு வந்து, பால்வெட்டி, பாலைத் தூக்கி நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த மனிதன், பிற்பகலில் போய் நிற்க அந்தக் கடை ஒன்றே இருந்தது. கடையின் ஆதாயத்தைத் தொழிலாளர் நலனுக்கென ஒரு நிதியாக வைக்கும் வழக்கமும் உண்டு. திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் அதிலிருந்து பணம் வந்தது. கள்ளு நிதியில் வாங்கிய கால்பந்தைப் பள்ளிப் பிள்ளைகள் உதைத்த கதையை முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பந்துக்கு உண்மையில் விலை கொடுத்தவர் யார் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

கள்ளைப் பற்றித் துரைமார் கூறிய வாதம் இரண்டு. ஒன்று, கள் இல்லாவிட்டால் தொழிலாளி சம்சுவுக்குப் போய்விடுவான், சம்சு கொடியது. மற்றொன்று, கள் உடலுக்கு ஊட்டம் தருவது. அதிலுள்ள நொதி பெரிபெரி என்னும் நோய்க்கு மாற்று. இரண்டாவது வாதம் பாதி உண்மை. புளித்த கள்ளில் வைட்டமின் பி உண்டு என்பது மெய்யே. ஆனால் மலாயாத் தமிழரைப் பெரிபெரியிலிருந்து காத்தது கள் அன்று, புழுங்கல் அரிசி. தீட்டிய பச்சரிசி உண்டவர்க்கு நோய் வருவதையும், புழுங்கல் உண்ட தமிழர்க்கு வாராமையையும் சிரம்பானில் பணிபுரிந்த மருத்துவர் பிராடன் எடுத்துக் காட்டினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் தொழிலாளர்க்கு இருவகை அரிசியும் கொடுத்துச் சோதித்து, 1909 அளவில் அதனை உறுதி செய்தனர். நாற்றமடிக்கும் அரிசி என்று பிறர் முகம் சுளித்த புழுங்கலுக்கு அப்படி ஒரு நேர்மையான சோதனை கிடைத்தது. உலக மருத்துவ நூல்களிலும் அது இடம் பெற்றது. ஊட்டம் ஏற்கெனவே சோற்றிலேயே இருக்கும்போது, அதற்காகக் கள்ளுக்கடை வேண்டும் என்ற வாதம் எடுபடாது.

கள்ளுக்கும் விசாரணை நடக்காமல் இல்லை. சிலாங்கூர்க் கடலோர மாவட்டங்களில் கள் தவறாகப் பயன்படுவது பற்றி 1916, 1917 ஆம் ஆண்டுகளில் அரசு ஒரு குழுவைக் கொண்டு விசாரித்தது. ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி, இப்பானம் என்ன, இதன் தரம் என்ன என்பதன்று. குடித்தவன் வேலைக்கு வருகிறானா என்பதே. விஸ்கிக்குழு இலண்டனில் சரக்கை விசாரித்தது. கள்ளுக்குழு இங்கே ஆளை விசாரித்தது. இரண்டுக்கும் இடையே எட்டாண்டு இடைவெளிதான்.

சுவைத்துப் பார்க்கும் திறன் லயத்தில் இல்லாமற் போகவில்லை. என் பாட்டனார் மாலைக்கு ஒரு கோப்பை குடிப்பவர். நாவில் ஒரு சொட்டு வைத்தாலே காலைக் கள்ளா மாலைக் கள்ளா என்று சொல்லிவிடுவார். தண்ணீர் கலந்ததும் தெரியும், சர்க்கரை போட்டு மீண்டும் புளிக்கவைத்ததும் தெரியும். எந்த மரத்துச் சாறு என்றுகூடச் சில வேளை சொல்வார். அதை நான் முழுக்க நம்பியதில்லை. ஒரு முறை பக்கத்தில் நின்ற என்னிடம், “ராசா, இது நேத்து எறக்குனது, கிட்ட வராதே, கெட்ட வாடை” என்று கூறிக் கோப்பையோடு தரையில் கொட்டினார். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்டிவிட்டாரே என்று பாட்டியார் ஒரு வாரம் ஏசினார். பாட்டியார் பக்கமும் நியாயம் உண்டு. அந்தக் காசு முதலில் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

எதிர்த்தவர்கள் எதை எதிர்த்தார்கள்

பாட்டியின் அந்த ஏச்சுத்தான் பின்னர்ப் போராட்டமாக எழுந்தது. தமிழகத்தில் 1921 இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது, ஈ. வெ. ராமசாமியார் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் கடைமுன் நின்றனர். அவர் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்து போனபின், சீர்திருத்தக் கருத்துகள் தோட்டங்களிலும் பரவின. சென்னை மாகாணத்தில் இராஜாஜி 1937 இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார்.

இங்கே 1941 இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் பள்ளி, துரைக்கு எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காதிருக்கும் உரிமை ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் ஐவர் உயிர் இழந்தனர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டவர்கள் போலீசாரோடு மோத நேர்ந்தது. ஒரு தொழிலாளி மாண்டார்.

இவர்களைச் சிலர், குடியின் சுவை தெரியாத கடுநெறியாளர் என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு. கள்ளைச் சுவைத்துப் பார்த்து மட்டம் என்று யாரும் மறியல் செய்யவில்லை. கூலி கொடுக்கும் கையே கடையையும் நடத்தி, கொடுத்த காசை மாலையில் திரும்ப வாங்கிக்கொண்ட அந்த ஏற்பாட்டைத்தான் எதிர்த்தனர். மிதிவண்டியும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் நின்றதன் பொருள் அதுவே. இரண்டும் மானம் பற்றியவை.

ஆனால் போராட்டத்தின் சூட்டில் ஒரு நுட்பம் நழுவியது. கள்ளுக்கடை இழிவு என்று சொல்லத் தொடங்கி, கள் இழிவு என்றாயிற்று. கள் இழிவு என்பது, புட்டியில் அடைத்தது அவ்வளவு இழிவன்று என்று மனத்தில் படிந்தது. துரைமார் போனார்கள், பங்களாக்களில் நம்மவரே அமர்ந்தனர். ஸ்டெங்காவும் அவர்களோடு அமர்ந்தது. நான் குறை கூறுவது அவர்களை அன்று. நாம் எல்லாருமே சீட்டைப் பார்த்துத்தான் சரக்கை மதித்தோம்.

சீட்டின் ஆட்சி

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பின்னர் அந்நிலங்களிலும் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோது, தோட்டக் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தென்னைகளும் போயின. குடி போனதா? போகவில்லை. மளிகைக்கடையில் சம்சு இருந்தது. மும்முறை காய்ச்சியது என்று பொருள்படும் சீனச் சொல் அது என்பர். கள்ளைப்போல் நூற்றுக்கு ஐந்தன்று. முப்பதுக்கும் மேற்பட்ட சாராயச் சத்து. உள்ளங்கையில் மறையும் சிறு புட்டிகளில், சில வெள்ளிக்குக் கிடைத்தது. உடலுக்கு வலிமை தரும், பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்றெல்லாம் சீட்டில் கதை எழுதி விற்றனர். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தது. பின்னர்ச் சிறு புட்டி விற்பனையைத் தடுக்கும் விதி வந்தது. 2017 இறுதியில் மது வாங்கும் வயதும் பதினெட்டிலிருந்து இருபத்தொன்றாயிற்று.

துரைமாரின் முதல் வாதம் பலித்துவிட்டதே என்று கேட்கலாம். ஆம், பலித்தது. ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தால் அன்று. சம்சுவின் தங்கைகளாக மலிவு விஸ்கி, மலிவு பிராந்தி என்னும் பெயர்களில் வந்தவை, துரை குடித்ததன் பெயரைத் தாங்கி வந்தன. நிறமேற்றிய சாராயம், உள்ளே தானியத்தின் வாடைகூட இராது. மரப்பீப்பாய் தர வேண்டிய பொன்னிறத்தைக் கருக்கிய சர்க்கரை தந்தது. ஸ்காட்லாந்துச் சட்டமும் அச்சர்க்கரையைச் சிறிது அனுமதிக்கிறது என்பது வேறு கதை. தன் பாட்டன் குடித்த ஐந்து பங்குக் கள்ளைக் கேவலம் என்று ஒதுக்கிய பேரன், அந்தப் பெயருக்காக நாற்பது பங்குச் சாராயத்தை வாங்கினான்.

தமிழகத்திலும் இதுவே நடந்தது. அங்கே 1987 ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல் கள் இறக்குவது குற்றம். ஆனால் கரும்புச் சர்க்கரைப்பாகின் கழிவிலிருந்து வடித்த சாராயத்தில் செய்த விஸ்கியை, 1983 இல் தோன்றிய அரசு நிறுவனமே விற்கிறது. 2003 முதல் சில்லறைக் கடைகளும் அதன் கையில்தான். சர்க்கரைப்பாகிலிருந்து வடித்ததை விஸ்கி என்று ஐரோப்பிய ஒன்றியம் ஏற்பதில்லை. தானியத்திலிருந்து வர வேண்டும் என்பதே அங்கே விதி. 1909 இல் இலண்டன் குழு வரைந்த எல்லை இன்றும் நிற்கிறது என்று பாருங்கள்.

அவ்வெல்லைக்குள் நின்று நேர்மையாகச் செய்தால், குலம் கேளாமல் நா தீர்ப்புச் சொல்லும் என்பதற்கும் சான்று உண்டு. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் இந்திய வாற்கோதுமையில் வடித்த மால்ட் விஸ்கியை 2004 இல் கிளாஸ்கோ நகரிலேயே முதலில் விற்பனைக்கு வைத்தது. இந்திய விஸ்கி என்றால் சிரிக்கும் ஊரில், முதலில் பெயரை மறைத்துச் சுவைக்கக் கொடுத்தனர். சுவைத்தவர் இது ஸ்காட்லாந்துச் சரக்குத்தான் என்று எண்ணினர். 2010 இல் புகழ்பெற்ற விமரிசகர் ஒருவர் அவர்களுடைய விஸ்கி ஒன்றுக்கு உலகில் மூன்றாமிடம் கொடுத்தார். அதே ஆண்டு சனவரியில் எடின்பரோவை அடுத்த லீத் துறையில், ஸ்காட்லாந்துச் சரக்குகளோடு தைவான் நாட்டுக் கவலான் விஸ்கியையும் பெயர் மறைத்துச் சுவைக்கக் கொடுத்தபோது, தைவான் முதலிடம் பெற்றது. நம் வெப்பநாடுகளில் விஸ்கி விரைவில் முதிர்கிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு பீப்பாயிலிருந்து ஆவியாகப் போகுமானால், பெங்களூரில் பத்துக்கும் மேல் போகிறது. அங்கே பன்னிரண்டு ஆண்டு என்பது இங்கே நான்கைந்து ஆண்டில் நடந்துவிடுகிறது. கள் ஒரு பகலில் காடியாகும் அதே வெப்பம்தான்.

ஆகவே விலை மலிந்தது என்பதற்காகச் சுவைக்காமலே ஒன்றை இகழ வேண்டியதில்லை. புட்டியின் மேனி மினுக்கிற்காக ஒன்றைப் போற்றவும் வேண்டியதில்லை. சீட்டை மறைத்துக் கொடுத்தால், விலையுயர்ந்த விஸ்கியும் பல நேரம் தோற்றுப்போகும். முட்டியோடு வந்து நிற்கும் புதுக் கள்ளுக்கும் அதே நீதி உண்டு. என் பாட்டனார்க்கு அத்தகைய நா இருந்தது. அவரை யாரும் ஒரு மேசைமுன் அமர்த்திக் கேட்கவில்லை.

இந்த நடுவுநிலைக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை 2018 செப்டம்பரில் கண்டோம். சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் சுற்றுப்புறத்திலும், மலிவு விஸ்கியின் பெயர் தாங்கிய கள்ளச் சரக்கு முதலியவற்றைக் குடித்தவர்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். நூறாண்டுக்கு முன் நம் பாட்டனார் வந்ததைப்போலவே வந்தவர்கள். அச்சரக்கில் இருந்தது மெத்தனால். அதற்குத் தனிச் சுவையும் மணமும் இல்லை. எரிவும் நல்ல சாராயத்தைப்போலவே இருக்கும். எவ்வளவு தேர்ந்த நாவும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கண் மங்கத் தொடங்கிய பிறகே தெரியும். சோதனைக் கூடம் மட்டுமே அதற்குச் சாட்சி. இஸ்லிங்டன் கடைக்காரரைக் கூண்டில் ஏற்றிய அந்த நகராட்சி அலுவலர்போல், சரக்கை வாங்கிப் பரிசோதிக்க ஒருவர் முன்னதாகப் போயிருந்தால், அவர்களில் பலர் மாத இறுதியில் ஊருக்குப் பணம் அனுப்பியிருப்பார்கள்.

மலாக்காப் பட்டணத்துக் கடைவீதியில் குலா மலாக்கா இன்றும் ஓலைச் சுருளிலும் நெகிழிப் பையிலும் அடுக்கி விற்கப்படுகிறது. எங்கள் பள்ளிக்குப் பின்புறம், பழைய கள்ளுக்கடை இருந்த மேட்டில், தென்னை ஒன்று எஞ்சி நிற்கிறது. அதன் உடலெங்கும் கால் வைத்து ஏற வெட்டிய வடுக்கள். காய்கள் தாமாக விழும் நாளில், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள்.